சாமி வரவில்லை

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சர்மிளாவைப் பற்றி தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் முதலில் கிளம்பிய பேச்சு, அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதுதான்.

பக்கத்துக் காம்பரா லெட்சுமி வாசல் இஸ்தோப்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். சர்மிளா திரும்பவில்லை. தண்ணீர்ப் பீலியடியில் முகம் கழுவும்போது ஒருத்தி பக்கத்தில் நின்று சுகம் விசாரித்திருக்கிறாள். சர்மிளா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விட்டாள். “மண்டைய தொறந்தாங்களே, அப்படியே கொஞ்சம் கொழுப்பையும் எடுத்துட்டுத் தச்சிருக்கக் கூடாது?” என்று லெட்சுமி சொன்னது, நாலு வாசல் சுற்றி அழகம்மாவின் காதுக்கு வந்தது.

அழகம்மா சர்மிளாவின் மாமியார். முட்டி வலியில், மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தியவள். வாய்க்கு அப்படி ஒரு வலியும் வந்ததில்லை. இஸ்தோப்புக்கு வந்து லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“ஏ லெட்சுமி, அவளுக்கு எடது காது செத்துப்போச்சு. பேசுறதுன்னா வலது பக்கமா வந்து பேசு. இல்லாட்டிப் பேசாமயே இரு, எங்களுக்கு அதுவும் நல்லதுதான்.”

அதுதான் விஷயம். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் வளர்ந்து மூளையை அழுத்தும் என்று கொழும்பு டாக்டர் படத்தில் காட்டினார். காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து எடுத்தார்கள். கட்டியோடு இடது காதின் கேட்கிற சக்தியும் போனது. உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்கிற நரம்பும் அந்தப் பக்கம் போனது. முகத்து நரம்பு அறுபடவில்லை, அடிபட்டுப் படுத்துவிட்டது. வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கண் மூடவில்லை. உயிர் இருந்தது. டாக்டர்களின் கணக்கில் நல்ல ஆப்பரேஷன். சர்மிளாவும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உடம்போடு வீட்டில் இருக்க வேண்டியவள் அவள்.

தேத்தண்ணி குடித்தால் வாயோரம் வழிந்தது. தூங்கும்போது கண்ணில் மருந்துப் பசை போட்டுப் பிளாஸ்டர் ஒட்ட வேண்டியிருந்தது. கரண்ட் போய்விட்டால் சுவரைப் பிடிக்காமல் ஓரடி நகர முடியாது. பார்வை இருந்தால்தான் கால் நின்றது. கக்கூஸ் லயத்தின் கோடியில். அதுவரை போய்வர யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அதற்கு இன்னொரு தரம் மண்டையைத் திறந்து கொள்ளலாம் என்று நினைத்தாள்.

“அழுதுரு புள்ள, பாரம் கொறையும்” என்றாள் அழகம்மா.

“ஒரு கண்ணுலதான் தண்ணி வருது அத்தை. பாதி அழுகைக்கு உக்காந்து மெனக்கெடணுமா?”

“வாய் கோணினாலும் பேச்சு மட்டும் நேரா வருது பாரு ஒனக்கு.”

கொஞ்சம் நடமாட்டம் வந்ததும் புருஷன் யோகேஸ்வரன் அவளை வட்டகொடை பஜாருக்குக் கூட்டிப் போனான். அவன் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவன், அதிகம் பேசமாட்டான். எல்லோரும் போகிற மாதிரி ரயில் ரோட்டோரமாகவே நடந்தார்கள். ரயில் ஊதியது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு, மேலே போகிறதா, கீழே வருகிறதா, வளைவுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று சொல்லக்கூடியவள். இப்போது எல்லாச் சத்தமும் வலது பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அப்படியே புதருக்குள் பாய்ந்தாள். ரயில் நிதானமாகப் பின்னால் வந்து கடந்து போனது. அதில் இருந்த வெள்ளைக்காரி ஒருத்தி கையை ஆட்டினாள். முள் கிழித்த கையோடு சர்மிளா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

அந்த வாரம்தான் செல்லசாமி கங்காணி ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு பார்க்க வந்தார். மலையில் வேலை வாங்குபவரும் அவர்தான், மாரியம்மன் கோயில் தலைவரும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. வந்து உட்கார்ந்து, சர்மிளாவைப் பார்க்காமல் யோகேஸ்வரனிடம் பேசினார்.

“மலை இனி சரிவராது தம்பி. மேல் மலை எப்படிச் செங்குத்துன்னு ஒனக்குத் தெரியும். சறுக்கி விழுந்தா தொரைக்கு நான்தான் பதில் சொல்லணும். பிள்ளைக்காம்பராவுல புள்ளைகளப் பாக்குற எடத்தக் கூட்டித் தொடைக்க ஆள் வேணுமாம். சொல்லி வைக்கிறேன்.”

“என்னோட நிரை?” என்றாள் சர்மிளா.

அவர் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். கோணிய வாயைப் பார்த்துவிட்டுப் பார்வையைப் பிஸ்கட் பாக்கெட்டுக்கு மாற்றினார்.

“அதைத் தனுஜாகிட்டக் குடுத்திருக்கேன்மா.”

அந்த டிவிசனில் கொழுந்து எடுக்கப் போனால் ஓரத்து முதல் செடி வரிசை, அந்த முதல் நிரை, கை வேகமானவளுக்குத்தான். அவள் ஏறுகிற வேகத்தில்தான் மற்ற பெண்கள் ஏறுவார்கள். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமே சர்மிளா அந்த நிரையைப் பிடித்தாள். அதற்கப்புறம் யாரும் அதை அவளிடமிருந்து வாங்கியதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே “முதல் நிரை சர்மிளா” என்றுதான் வரும். பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பட்டம் மாதிரி.

“நடந்து காட்டினா குடுப்பீங்களா?”

“எங்க நடந்து காட்டப் போற? இந்த இஸ்தோப்புலயா?” கங்காணி சிரித்தார். கிண்டலாகக்கூட இல்லை, பாவம் பார்த்துத்தான் சிரித்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவர் போனதும் அழகம்மா தொண்டையைச் செருமினாள்.

“ஒரு விசயம் சொல்லணும் புள்ள. ஒன்னைய ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டு போன அன்னிக்கு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். நீ உசுரோட வந்தா இந்தத் திருவிழாவுக்கு நீயே பால்குடம் எடுப்பேன்னு.”

“என்னையக் கேக்காமயா?”

“நீ மயக்கத்துல கெடந்த.”

“நீங்க எடுக்கிறதா வேண்டியிருக்கலாம்ல?”

“எனக்குத்தான் முட்டி வலியாச்சே.”

யோகேஸ்வரன் முதல் தடவையாக வாய் திறந்தான். “வேற யாராச்சும் எடுக்கட்டும்மா. சாமி கோவிச்சுக்காது.”

சர்மிளா மனதுக்குள் வழியை எண்ணிப் பார்த்தாள். பால்குடம் பீலியடியில் கிளம்பும். கீழ் லயம், மேல் லயம், பெரட்டுக் களம், அப்புறம் கோயிலுக்குப் போகிற கல்படி. டிவிசனே ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்கும். கங்காணி எல்லோருக்கும் முன்னால் நிற்பார்.

“அங்க நடந்தாப் பத்தாதா?” என்றாள்.

அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாள். பாரம் தூக்கக் கூடாது என்றார். அரைக் குடம் பால் என்றாள். சின்னக் குடம் என்றால் சரி, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், படியில் கவனம் என்றார். பயிற்சி சொல்லித் தருகிற மிஸ், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே நடக்கச் சொன்னாள். செத்த நரம்பு திரும்பி வராது, மிச்சம் இருப்பதை வைத்து மூளை பழகிக்கொள்ளும், பழக்குவது உன் வேலை என்றாள். அந்தப் பேச்சு சர்மிளாவுக்குப் பிடித்திருந்தது. அதில் பாவம் பார்த்தல் இல்லை.

பழக்கினாள். லயத்து வாசலில் தலையைத் திருப்பித் திருப்பி நடந்தாள். பார்க்கிறவர்களுக்கு அவள் யாரிடமோ முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டே போவது மாதிரி இருந்தது. பிள்ளைகள் பின்னால் வரிசையாக வந்து அதேபோல் தலையாட்டினார்கள். லெட்சுமி சிரித்தாள். சர்மிளா நிற்கவில்லை. வாசல் பழகியதும் தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதைக்குப் போனாள். கீரை பறிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அழகம்மா பின்னாலேயே குடைக்கம்போடு வந்தாள். கீரையே முளைக்காத இடத்திலும் வந்தாள்.

“ரெண்டு முட்டியும் வலிக்குதுன்னீங்களே அத்தை.”

“கீரைன்னா வலி தெரியாது.”

விழுந்தாள். மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் ஒரு தடவை, தேயிலைச் செடிமேல் சில தடவை. விழுந்து எழுந்த போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அசையாத ஒன்றைக் கண்ணில் பிடித்துக்கொண்டால் மலையும் அசையாமல் நின்றது. கரண்ட் கம்பம், கல், கூரை முனை, எதுவானாலும் சரி. பார்வையை விட்டால் எல்லாம் கப்பல் மாதிரி ஆடியது. அதற்கப்புறம் பித்தளைக் குடத்தில் தண்ணீர் வைத்து, தலையில் ஏற்றி, ஒரு கையால் பிடித்து நடந்தாள். முதலில் பாதித் தண்ணீர் புடவையில் இறங்கியது. போகப்போகக் குடத்திலேயே தங்கியது. யோகேஸ்வரன் ஒரு நாள் ஸ்டோரிலிருந்து வரும்போது பாதையில் நின்று அதைப் பார்த்தான். அடுத்த நாள் தலவாக்கலைக்குப் போய், மூடாத கண்ணில் தூசியும் காற்றும் படாமலிருக்க ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தான்.

திருவிழா அன்று மழை இல்லை. பீலியடியில் மஞ்சள் புடவைகள் வரிசையாக நின்றன. குடங்களில் பால் ஊற்றி, வேப்பிலை சொருகி, மஞ்சள் துணி கட்டினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவள் சர்மிளா மட்டும்தான். லெட்சுமி முந்தானைக்குள் சிரித்ததைச் சர்மிளா பார்த்தாள். பார்த்துவிட்டுக் குடத்தைத் தலையில் ஏற்றினாள்.

கந்தப்பனின் தப்புச் செட்டு முன்னால் அடித்துக்கொண்டு போனது. கீழ் லயம் தாண்டியது. மேல் லயம் தாண்டியது. கோயில் பக்கத்துக் கருப்பன்தைல மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சர்மிளா அதன் வாயைக் கண்ணில் பிடித்துக்கொண்டு நடந்தாள். பழகிய காலுக்கு ரோடு ஒன்றும் கஷ்டமில்லை. யோகேஸ்வரன் கையை நீட்டாமல் பக்கத்தில் வந்தான். ரோட்டோரத்தில் நிற்கிற சனம் தன் காலைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. பார்க்கட்டும் என்றுதான் நடந்தாள்.

பெரட்டுக் களத்தில்தான் சனியன் பிடித்தது. காவடி எடுத்த இளவட்டங்கள் உற்சாகம் தாங்காமல் அவளுக்கு நேர் முன்னால் வந்து, அவளைப் பார்த்தபடி, பின்பக்கமாகச் சுழன்று சுழன்று ஆடினார்கள். தப்பு வேகம் எடுத்தது. ஒலிபெருக்கி மறைந்தது. மரம் மறைந்தது. கண் எங்கே போனாலும் அங்கே ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தரை சாய்ந்தது. சர்மிளா இடது பக்கம் சரிந்தாள், காலை அகட்டி நின்றாள், வலது பக்கம் சரிந்தாள், மறுபடி இடது பக்கம். குடத்தைப் பிடித்த கை மட்டும் பிடித்தபடி இருந்தது.

ஒருத்தி குலவையிட்டாள்.

“ஆத்தா வந்துட்டா!”

அவ்வளவுதான். களமே அவள் பக்கம் பாய்ந்தது. பெண்கள் குலவை எடுத்தார்கள். கந்தப்பன் தப்பைத் தலைக்கு மேலே தூக்கிச் சாமிக்கு அடிக்கிற அடி அடித்தார். யாரோ வேப்பிலையால் அவள் முகத்தை வருடினார்கள். யாரோ எலுமிச்சம்பழம் நீட்டினார்கள். நாலு கைகள் அவளைத் தோளிலும் இடுப்பிலும் தாங்கின. தாங்கியதும் ஆட்டம் நின்றது. அந்தக் கைகள் அவளைப் படியேற்றிக் கோயில் வாசலில் இறக்கிவிடும். அவள் ஓரடிகூட எடுத்து வைக்க வேண்டாம். லெட்சுமி காலில் விழுந்து எழுந்தாள்.

செல்லசாமி கங்காணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் கூப்பினார்.

“தாயே! வந்துட்டியா தாயே! இந்த வருசம் தேர மேல் லயத்துக்கு முதல்ல விடணுமா, கீழ் லயத்துக்கா? சண்டை ஓயல தாயே. நீயே ஒரு வாக்குச் சொல்லு. என்ன சொன்னாலும் செய்றோம்!”

என்ன சொன்னாலும் செய்றோம். சர்மிளாவுக்கு அது தெளிவாகக் கேட்டது, வலது பக்கமாக நின்றுதான் கேட்டார். கூப்பிய கைக்கு மேலே அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. பொய் இல்லாத மனிதர். தேர் எங்கே போனால் என்ன, முதல் நிரையைச் சர்மிளாவுக்குக் குடு என்று குரலை மாற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே குடுப்பார். டிவிசனில் ஒருத்தரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தனுஜாவே வந்து கும்பிட்டு நிரையை விட்டுவிடுவாள். வாய்வரைக்கும் வந்தது அந்த வார்த்தை.

ஆனால் அப்புறம் இந்த ரோட்டில் நடந்தது யார்? கீழ் லயமும் மேல் லயமும் தாண்டி வந்தது யார்? கானுக்குள் விழுந்து எழுந்தவள் யார்? எல்லாவற்றையும் ஆத்தா நடந்ததாக எழுதிக்கொள்வார்கள். மலையில் ஒரு நாள் கால் இடறினால், அன்றைக்குச் சாமி வரவில்லை, சர்மிளாவால் முடியவில்லை என்பார்கள்.

“கைய எடுங்க” என்றாள்.

குலவையில் யாருக்கும் கேட்கவில்லை.

“கைய எடுங்கங்குறேன்! சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் சர்மிளா. காது நரம்பை வெட்டிட்டாங்க, அதான் ஆடுறேன். ஆத்தா கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு வருவாளா?”

குலவை ஒவ்வொரு வாயாக அடங்கியது. யாரோ ஒருவன் சிரித்து, பக்கத்தில் நின்றவனிடம் அடி வாங்கினான். கங்காணியின் கை கூப்பியபடியே நின்றது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“ஆத்தாவோட குடத்தத் தலையில வச்சுக்கிட்டு, சாமி இல்லேங்குறாளே” என்றாள் ஒரு கிழவி.

“சாமி இல்லேன்னா சொன்னா?” கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அழகம்மாவின் குரல் வந்தது. “தன் மேல இல்லேன்னுதான சொன்னா? ஒனக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே இருக்கு?”

சர்மிளா கந்தப்பனைத் தேடினாள். “அண்ணே, கொஞ்ச நேரம் தப்ப நிப்பாட்டுங்க. ஆடுறவங்க எல்லாம் எனக்குப் பின்னால போங்க. எனக்கு அந்த மரம் தெரியணும், வேற ஒண்ணும் வேணாம்.”

பால்குடத்துக்கு முன்னால் தப்பு நின்ற வழக்கம் அந்தத் தோட்டத்தில் இல்லை. கந்தப்பன் கங்காணியைப் பார்த்தார். கங்காணி அசையவில்லை. கந்தப்பன் அவளைப் பார்த்தார். பிறகு குச்சியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். அவர் ஒதுங்கியதும் மற்றவர்களும் ஒதுங்கினார்கள். காவடிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விட்டன.

மரம் தெரிந்தது. ஒலிபெருக்கி தெரிந்தது.

சர்மிளா களத்தைக் கடந்தாள். டிவிசன் முழுக்க வாய் மூடி நின்று ஒரு பொம்பளை நடப்பதைப் பார்த்தது. பல்லக்கும் இல்லை, பந்தமும் இல்லை. வெறும் நடை. கல்படியில் கைப்பிடி கிடையாது. ஒவ்வொரு படியையும் காலால் தடவி, மிதித்து, ஏறினாள். நடுவில் ஒரு படியில் உடம்பு சாய்ந்தது. கூட்டம் மொத்தமாக மூச்சை இழுத்தது. யோகேஸ்வரன் நகரவில்லை, அதற்கு அவன் பட்ட பாடு அவன் முகத்தில் தெரிந்தது. அவள் நின்று, நிமிர்ந்து, மரத்தைப் பார்த்து, அடுத்த படியில் காலை வைத்தாள். மேலே போய்க் குடத்தை இறக்கிப் பூசாரியிடம் கொடுத்தாள். மஞ்சள் துணி நனைந்திருந்தது, கொஞ்சம் சிந்தியிருக்கிறது. மிச்சமெல்லாம் குடத்தில் இருந்தது. அது அம்மன் தலையில் வெள்ளையாக இறங்கியதை அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். இவ்வளவு பெருமையாக அவள் கல்யாணத்தன்று கூட நின்றதில்லை. இழுத்த வாயோடு, மூடாத கண்ணோடு, சபைக்கு நடுவில் நின்றாள்.

கீழே தப்பு மறுபடி தொடங்கியது.

கங்காணி கடைசியாகப் படியேறி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. அம்மனைப் பார்த்தபடியே சொன்னார்:

“எல்லார் முன்னாலயும் என்னையக் கும்புட வச்சுட்டியே.”

“நான் கும்புடச் சொல்லலியே மாமா.”

“ஆத்தா பேர்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த எடத்துலயே நிரையக் குடுத்திருப்பேன். தெரியுமா ஒனக்கு?”

“தெரியும். அதான் அங்க கேக்கல. இப்பக் கேக்குறேன்.”

அவர் திரும்பி, அவள் ஏறிவந்த படிகளை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“வேலைக்குப் போகலாம்னு டாக்டர் துண்டு எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் தனுஜா நிக்கட்டும்.”

“துண்டு குடுத்ததுக்கப்புறம்?”

“அப்புறம் ஒன்னோடதுதான். ஆனா மொத வாரம் நான் பின்னாலயே ஏறி வருவேன். சொல்லிட்டேன்.”

“வாங்க. மூச்சு வாங்குனா உக்காந்துக்கங்க, நான் முன்னால போய்க்கிட்டிருக்கேன்.”

கங்காணி சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார். பூசாரி வெறுங்குடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சர்மிளா அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியருகே வந்தாள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பள்ளம் கண்ணுக்கு நேரே ஆடியது. அவள் கீழே ஒரு கல்லைத் தேர்ந்துகொண்டு, சனம் வழிவிட்டு நிற்க, நிதானமாக இறங்கத் தொடங்கினாள்.